மன அழுத்தமும் கணிப்பொறி மாந்தரும்

பல ஆண்டுகளுக்கு முன்னர், நோயுற்ற மகனோடு மருத்துவமனையில் இரவும் பகலும் தங்கியிருந்த ஓர் இளந்தாயைக் காண நாம் சென்றிருந்தோம். பொறுமையைக் குறித்தும், சோதனை வேளையில் தளராதிருப்பதைக் குறித்தும் நெடுநேரம் பேசினோம். பேசி முடித்ததும் அவர், “ஐயா, இன்றிரவு இவன் பக்கத்தில் யாராவது இருக்க முடியுமா? நான் மூன்று நாளாய்த் தூங்கவில்லை” என்றார். அக்கேள்விக்கு நம்மிடம் ஆயத்தமான விடை ஒன்றும் இருக்கவில்லை. நம்பிக்கை குறைந்தமையால் அவர் வாடுகிறார் என எண்ணிச் சென்றோம். அவருக்குக் குறைவாயிருந்ததோ உறக்கமும் துணையும்.

அன்று நாம் செய்த பிழை யாது? அத்தாயைப் பற்றிய ஒரு மாதிரியை நம் மனத்தில் வரைந்துகொண்டு, அம்மாதிரியோடு பேசினோம், அவரோடு பேசவில்லை. இடுக்கண் உற்றோரிடையே பணியாற்றும் ஒவ்வொருவரும் இத்தகைய மாதிரி ஒன்றை அறிந்தோ அறியாமலோ உள்ளத்தில் சுமக்கின்றனர். ஆயின் நம் மாதிரிகள் எழுதப்படாதவை. ஆதலால் அவற்றின் குறைகள் எளிதில் புலப்படுவதில்லை. மனித நடத்தையைக் கணிப்பொறியில் போலச்செய்து பார்க்கும் அறிஞர்களோ தங்கள் மாதிரியை எண்ணாகவும் விதியாகவும் வெளிப்படையாக எழுதவேண்டியவர்களாயிருக்கின்றனர். எழுதியபின் அதன் பிழை மறைந்திருக்க இயலாது. எனவே, நமக்குத் தொலைவானதாய்த் தோன்றும் இத்துறையிலிருந்து ஆயர்களும் இறையியல் மாணவரும் கற்றுக்கொள்ளத்தக்கவை சில உண்டு. அவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லும் பொருளும்

‘மன அழுத்தம்’ என்னும் சொல் இன்று இரு பொருள்களில் வழங்குகிறது. சிலர் அதனை ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்கும், சிலர் ‘டிப்ரெஷன்’ எனப்படும் மனச்சோர்வு நோய்க்கும் ஆளுகின்றனர். இங்கு முதற்பொருளையே கொள்கிறோம். ‘ஸ்ட்ரெஸ்’ என்பது பொறியியலிலும் வழங்கும் சொல்லாகும். நம் இயற்பியல் பாடநூல்கள் அதனைத் ‘தகைவு’ என்றும், தகைவினால் பொருள் அடையும் வடிவ மாற்றத்தைத் ‘திரிபு’ என்றும் குறிப்பிடுகின்றன. கம்பி ஒன்றில் இவ்விரண்டையும் தனித்தனியே அளந்துவிடலாம். மனிதனிடத்திலோ சுமை எங்கே முடிகிறது, சுமையினால் விளைந்த மாற்றம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது அரிது. இத்துறையின் இடர்ப்பாடுகளில் பாதி இதனின்றே எழுகிறது.

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன், அச்சமும் சினமும் எழும்போது உடல் போரிடவோ தப்பியோடவோ ஆயத்தமாகிறது என்பதை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளக்கினார். மான்ட்ரியால் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செலியே 1936-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். குளிர், காயம், நச்சு மருந்து என எத்தீங்கு நேர்ந்தாலும் எலிகளின் உடல் ஏறத்தாழ ஒரே வகையான மாற்றங்களை அடைவதை அவர் கண்டார். எச்சரிக்கை நிலை, எதிர்த்து நிற்கும் நிலை, சோர்ந்துவிழும் நிலை என மூன்று படிகளை அவர் வகுத்தார்.

வாழ்க்கை நிகழ்ச்சிகளை எண்ணால் அளக்க முயன்றோர் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்னும் இருவர். 1967-இல் அவர்கள் வெளியிட்ட அட்டவணையில் 43 நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. வாழ்க்கைத் துணையின் மரணத்திற்கு 100, மணமுறிவிற்கு 73, திருமணத்திற்கு 50 என்று மதிப்பெண் இட்டனர். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கும் 12 உண்டு. திசம்பர் மாதத்து ஆயர்கள் இதனை மறுக்கமாட்டார்கள் என நம்புகிறோம். மகிழ்ச்சியான மாற்றமும் சுமையே என்பதை இவ்வட்டவணை உணர்த்தியது. ஆயினும் ஒரே நிகழ்ச்சி எல்லாருக்கும் ஒரே எடையுடையதன்று என்னும் உண்மையை அது போதிய அளவு காட்டவில்லை.

அக்குறையை நிறைவு செய்தவர் ரிச்சர்ட் லாசரஸ். அவரும் சூசன் ஃபோக்மனும் 1984-இல் வெளியிட்ட நூலில் மன அழுத்தத்தை இரு மதிப்பீடுகளின் விளைவாக விளக்கினர். ‘இது எனக்கு ஊறு விளைவிக்குமா?’ என்பது முதல் மதிப்பீடு. ‘இதனைச் சமாளிக்க என்னிடம் என்ன உண்டு? எனக்கு யார் உண்டு?’ என்பது இரண்டாவது. சுமை ஒன்றாயிருப்பினும் இரண்டாம் கேள்விக்குக் கிடைக்கும் விடைக்கேற்ப அழுத்தம் கூடும் அல்லது குறையும். மேற்கூறிய தாய் நம்மிடம் கேட்டது இவ்விரண்டாம் கேள்வியையே. நாமோ முதற்கேள்விக்கு விடையளித்துக்கொண்டிருந்தோம்.

2. காலத்தை அளவுகோலாகக் கொண்ட மாதிரி

மன அழுத்தத்தைக் கணிப்பொறியில் அமைத்த முன்னோடிகளுள் ஆர்தர் சீகல், ஜே வுல்ஃப் என்போர் முதன்மையானவர்கள். அமெரிக்கக் கடற்படையின் தேவைக்காக 1960-களில் அவர்கள் உருவாக்கிய மாதிரி 1969-இல் நூலாக வெளிவந்தது. ஓர் இயந்திரத்தை இயக்குவோர் குறித்த காலத்திற்குள் தம் பணியை முடிக்க வல்லவரா என்பதை, இயந்திரத்தைச் செய்து முடிப்பதற்கு முன்னரே அறிந்துகொள்வது அதன் நோக்கம். பணி முழுவதும் சிறு சிறு செயல்களாகப் பகுக்கப்படும். ஒவ்வொரு செயலுக்கும் சராசரி நேரம், அது வெற்றிபெறும் வாய்ப்பு, இன்றியமையாததா விட்டுவிடத்தக்கதா என்னும் குறிப்பு ஆகியவை கொடுக்கப்படும். கணிப்பொறி தற்செயல் எண்களைக் கொண்டு அப்பணியை மீண்டும் மீண்டும் நடத்திப் பார்க்கும்.

இம்மாதிரியில் அழுத்தம் என்பது ஒரு வகுத்தலே. எஞ்சிய வேலைக்குத் தேவைப்படும் நேரத்தை, எஞ்சியிருக்கும் நேரத்தால் வகுக்கவேண்டும். 12 நிமிட வேலை எஞ்சியிருக்க 10 நிமிடமே உண்டெனில் அழுத்தம் 1.2. அதே வேலைக்கு 4 நிமிடமே உண்டெனில் அழுத்தம் 3. இங்கு அவர்கள் ‘வாசல்’ எனத்தக்க ஓர் எல்லையை அமைத்தனர். அதற்கு வழக்கமாக அளித்த மதிப்பு 2.3. அவ்வெல்லையை எட்டும்வரை அழுத்தம் ஏற ஏற மாதிரி மனிதன் விரைந்து செயற்படுவான். எல்லையைக் கடந்தாலோ அவன் கை தடுமாறும், நேரம் கூடும், பிழை பெருகும். நேரம் போதாதபோது இன்றியமையாதனவல்லாத செயல்களை அவன் விட்டுவிடுவான். ஆளுக்கு ஆள் இவ்வெல்லை வேறுபடும் என்பதையும் மாதிரி ஏற்றுக்கொண்டது.

ஓரளவு அழுத்தம் நன்மை செய்யும், மிகுந்தால் கெடுக்கும் என்னும் இக்கருத்திற்கு 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் நடத்திய ஆய்வைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அவ்வாய்வு எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து, வெண்மையையும் கருமையையும் பிரித்தறியக் கற்பித்ததாகும். பிரித்தறிதல் கடினமானபோது நடுத்தர அதிர்ச்சியே நன்கு கற்பித்தது. எளிதானபோதோ வலிய அதிர்ச்சியில் அவை விரைந்து கற்றன. இதனை மனிதனின் மன அழுத்தத்திற்குரிய பொதுவிதியாக விரித்தவர்கள் பின்வந்தோரே. ‘கொஞ்சம் அழுத்தம் நல்லது’ என்று பிறர்மேல் சுமை ஏற்றுவோர் இதனை நினைவிற்கொள்ளவேண்டும்.

3. பிழையின் பெருக்கல் எண்

1979-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் விடியற்காலையில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள த்ரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் ஓர் அடைப்பான் திறந்தது. மூடவேண்டிய வேளையில் அது மூடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ, மூடும்படி ஆணை சென்றதை மட்டுமே காட்டியது. அடைப்பான் உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. முதற்சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒலித்தும் ஒளிர்ந்தும் பணியாளரைச் சூழ்ந்தன. நீர் மிகுந்துவிட்டதென்று கருதி, உலையைக் குளிர்விக்கும் நீரை அவர்கள் குறைத்தனர். அடைப்பான் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகத் திறந்தே இருந்தது. உலையின் உட்பகுதி ஓரளவு உருகியது.

இவர்கள் மூடரும் அல்லர், சோம்பரும் அல்லர். அழுத்தத்தில் மனிதன் செய்யும் பிழையை முன்கூட்டியே கணக்கிடும் முயற்சி முன்பே இருந்ததாயினும், இவ்விபத்திற்குப்பின் அது முனைப்புற்றது. சாண்டியா ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் ஸ்வெயின், கட்மன் என்னும் உடனாசிரியரோடு எழுதிய கையேடு 1983-இல் வெளிவந்தது. அழுத்தம் மிகக் குறைவு, உகந்த அளவு, ஓரளவு மிகுதி, மிகக் கடுமை என நான்கு நிலைகளை அது வகுக்கிறது. தேர்ந்த பணியாளர் படிப்படியாகச் செய்யும் வேலையில், அழுத்தம் ஓரளவு மிகுந்தால் பிழையின் வாய்ப்பை இரண்டால் பெருக்கவேண்டும். நிலைமை மாறிக்கொண்டேயிருக்கும் வேலையாயின் ஐந்தால் பெருக்கவேண்டும். உயிருக்கே அச்சுறுத்தலாகும் கடுமையில், சிந்தித்து முடிவெடுக்கும் செயல் நான்கில் ஒன்று பிழையாகும் எனக் கொள்ளவேண்டும். பழக்கமில்லாதவருக்கு அது இரண்டில் ஒன்று.

இங்கு இரண்டு செய்திகளைக் கவனிப்போம். முதலாவது, வேலையே இல்லாத மந்த நிலையிலும் பிழை இரு மடங்காகும் என்று இக்கையேடு கொள்கிறது. இரண்டாவது, இவ்வெண்களில் பல நேரடியாக அளந்தவை அல்ல. அனுபவமுள்ளோரின் மதிப்பீட்டால் வகுத்தவை என்பதை ஆசிரியர்களே மறைக்கவில்லை. எனினும், ‘நல்ல பணியாளர் தவறமாட்டார்’ என்னும் நடைமுறை நம்பிக்கையைவிட இவ்வெண்கள் நேர்மையானவை. அவை பழியை மனிதன்மேல் மட்டும் சுமத்தாமல், அவனைச் சூழ்ந்த விளக்குகளையும் ஒலிகளையும் விதிகளையும் ஆராயச் செய்கின்றன.

4. மதிப்பிடும் மாதிரி

காலமும் பெருக்கல் எண்ணும் மனிதனை வெளியிலிருந்து பார்ப்பவை. லாசரஸின் கருத்தை மாதிரிக்குள் கொணர்ந்தவர்கள் ஜொனதன் கிராட்ச், ஸ்டேசி மார்செல்லா என்னும் இருவர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அவர்கள் அமைத்த மாதிரியில், கணிப்பொறி மாந்தன் நிகழ்ச்சியைத் தன் விருப்பங்களோடு ஒப்பிடுகிறான். அது விரும்பத்தக்கதா, நேரக்கூடியதா, யாரால் நேர்ந்தது, மாற்ற இயலுமா என்று மதிப்பிடுகிறான். மாற்ற இயலுமெனில் செயலில் இறங்குகிறான். இயலாதெனில் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறான், பழியைப் பிறர்மேல் போடுகிறான், அல்லது விருப்பத்தையே கைவிடுகிறான். இவ்வடிவங்கள் அனைத்தையும் நம் சபைகளிலும், நம் இல்லங்களிலும், நம்மிடத்திலுமே கண்டிருக்கிறோம்.

பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தின் பாரி சில்வர்மன் அமைத்த மாதிரி நேரநெருக்கடி, களைப்பு, நிகழ்ச்சிகளின் தாக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஓர் அழுத்த அளவைப் பெறுகிறது. அவ்வளவிற்கேற்ப மாந்தன் முடிவெடுக்கும் முறை மாறுகிறது. இம்முறைகளை ஜானிஸ், மேன் என்போர் 1977-இல் விளக்கியிருந்தனர். அழுத்தம் நடுத்தரமாயிருந்து நேரமும் உள்ளபோது மனிதன் விழிப்போடு பல வழிகளையும் சீர்தூக்குகிறான். நல்ல வழி கிடைக்கும் என்னும் நம்பிக்கை போய்விட்டால் முடிவெடுப்பதையே தவிர்க்கிறான். நேரமும் போய்விட்டால் பதறி, முதலில் கண்ட வழியைப் பற்றிக்கொள்கிறான்.

இத்துறையின் கனிகளுள் நம் உள்ளத்தை மிகவும் தொட்டது, மார்செல்லாவும் உடனுழைத்தோரும் ஏறத்தாழ 2000-ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘கார்மன்’ என்னும் கணிப்பொறி நாடகமாகும். கார்மன் என்பவள் புற்றுநோயுற்ற சிறுவன் ஒருவனின் தாய். ஆற்றுப்படுத்துநர் ஒருவரோடு அவள் உரையாடுகிறாள். அதனைக் காண்போர், அதே துயரில் உள்ள உண்மைத் தாய்மார்; அவர்கள் கார்மனின் எண்ணம் எப்பக்கம் திரும்பவேண்டும் என்பதைத் தெரிந்தெடுக்கலாம். தீர்க்கத்தக்க சிக்கலை இனங்காணுதல், வழிகளை எண்ணுதல், அவற்றைச் சீர்தூக்குதல், செயற்படுதல், விளைவை நோக்குதல் என்னும் ஐந்து படிகளை அது கற்பிக்கிறது. ‘தீர்க்கத்தக்க’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். மகனின் நோயைத் தீர்ப்பது தாயின் கையில் இல்லை. இன்றிரவு அவனருகே யார் இருப்பது என்பதைத் தீர்த்தல் கூடும்.

5. கூட்டத்தின் நெருக்கடி

தனி மனிதனை விட்டுக் கூட்டத்தை நோக்குவோம். டிர்க் ஹெல்பிங், இல்லேஷ் ஃபார்க்கஷ், தமாஷ் விச்செக் ஆகியோர் 2000-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் ஒரு மாதிரியை வெளியிட்டனர். மனிதர் ஒருவரையொருவர் தள்ளும் துகள்களாக அதில் கருதப்படுகின்றனர். 15 மீட்டர் நீளமும் அகலமும் உள்ள அறையில் 200 பேர். வெளியேற ஒரு மீட்டர் அகலமுள்ள ஒரே வாசல். பதற்றம் மிகுதல் என்பது விரும்பும் வேகம் மிகுதல் எனக் கொள்ளப்படுகிறது. விரும்பும் வேகம் நொடிக்கு 1.5 மீட்டரைத் தாண்டியதும் வாசலில் உடல்கள் வளைவாக இறுகி அடைத்துக்கொள்கின்றன; விரைய விரும்பியோர் தாமதமாகவே வெளியேறுகின்றனர். வாசலுக்குமுன் சற்றே விலகி ஒரு தூணை நிறுத்தினால் நெரிசல் தணியக்கூடும் என்பதும் அம்மாதிரி காட்டிய வியப்பு. திருவிழாக் கூட்டங்களை நடத்தும் திருச்சபைகள் இப்பாடத்தைப் புறக்கணிக்கலாகாது.

ஆயினும், ஆபத்தில் மனிதன் உண்மையில் தன்னலமுள்ள துகளாகிவிடுகிறானா? பேரிடர்களை ஆய்ந்த சமூகவியலார் 1950-கள் தொட்டு இதனை ஐயுற்று வந்துள்ளனர். மேன் தீவின் டக்ளஸ் நகரில் 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் சமர்லாண்டு என்னும் பொழுதுபோக்குக் கூடம் தீப்பற்றி 50 பேர் மாண்டனர். தப்பியோரை ஆராய்ந்த ஜொனதன் சைம், மக்கள் அண்மையிலுள்ள வாசலைவிடத் தம் குடும்பத்தாரையே முதலில் நாடினர் என்பதை 1983-இல் எடுத்துக்காட்டினார். 2005-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் இலண்டனில் சுரங்க இரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்து 52 பேர் கொல்லப்பட்டனர். உயிர் பிழைத்தோரின் கூற்றுகளை ஜான் டிரூரியும் உடனாய்வாளரும் தொகுத்தபோது, இருளிலும் புகையிலும் முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் உதவியமை மிகுதியாகத் தென்பட்டது. நாம் அனைவரும் ஒரே ஆபத்தில் இருக்கிறோம் என்னும் உணர்வு அவர்களைப் பிணைத்தது.

இங்கே நேரும் இழப்பு சிறிதன்று. மக்கள் பதறி மிதித்துக்கொள்வார்கள் என்று கருதும் அதிகாரி உண்மையை மறைப்பார், அறிவிப்பைத் தாமதப்படுத்துவார், அத்தாமதமே உயிர்களைக் கொல்லும். மக்கள் ஒருவருக்கொருவர் துணையாவர் என்று கருதுபவரோ உண்மையை விரைந்து சொல்வார். குடும்பங்கள் சேர்ந்து நடக்க வழி அமைப்பார். மனிதனைப் பற்றிய கொள்கை இவ்வாறு கதவின் அகலமாகவும் அறிவிப்பின் சொல்லாகவும் மாறுகிறது. மனிதன் யார் என்னும் கேள்வி வகுப்பறையோடு நின்றுவிடுவதன்று.

6. மாதிரியின் எல்லை

மாதிரி கற்பிக்கும், ஆயின் துன்புறாது. 2023-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தாரும் உடனாய்வாளரும் மொழி மாதிரி ஒன்றால் இயங்கும் 25 கணிப்பொறி மாந்தரை ஒரு சிற்றூரில் குடியேற்றினர். அவர்கள் நாள்தோறும் திட்டமிட்டனர், நினைவுகூர்ந்தனர், உரையாடினர். இத்தகையோரைத் தம் துயரைக் குறித்துப் பேசவைப்பது இன்று கடினமன்று. ஆனால் கேனனும் செலியேவும் கண்ட உடல் அவர்களுக்கு இல்லை. வறண்டுபோகும் நாவும், நடுங்கும் கையும், உறக்கமின்மையால் எரியும் கண்களும் இல்லை. அழுத்தத்தைப் பற்றிய சொல் வேறு, அழுத்தம் வேறு. எண்ணாக எழுதக்கூடியதே மாதிரியில் இடம்பெறும். எழுத இயலாதது இல்லாததன்று.

7. ஆயர்பணிக்குச் சில குறிப்புகள்

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 4-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தில் கிரேக்க மூலம் இரு சொற்களை எதிரெதிராக நிறுத்துகிறது. ஒன்று அழுத்தப்படுதலைக் குறிப்பது. மற்றொன்று அசைய இடமின்றி அடைபட்டுப்போதலைக் குறிப்பது. முதலாவது தமக்கு நேர்ந்ததை அப்போஸ்தலர் ஒளிக்கவில்லை, இரண்டாவதையே மறுக்கிறார். விசுவாசி அழுத்தத்தை உணரலாகாது என்று போதிப்போர் அவர் சொல்லாததைச் சொல்லுகின்றனர். இச்சொற்களைச் சீகலின் 2.3-க்கு இணையாக்குவது விளையாட்டாய் முடியும். ஆயினும் அழுத்தமும் முறிவும் ஒன்றல்ல என்பதில் இரண்டும் உடன்படுகின்றன.

எலியாவின் வரலாற்றிலும் (1 இராஜாக்கள் 19) நிகழ்ச்சிகளின் வரிசை கவனிக்கத்தக்கது. சாவை வேண்டிய தீர்க்கதரிசிக்கு முதலில் உறக்கம்; பின்னர் உணவு; மீண்டும் உறக்கம், மீண்டும் உணவு. அதன்பின்பே ஓரேபின் கேள்வி. இறுதியில் அவருடைய தனிமைக்கு மறுமொழியாக எலிசா கொடுக்கப்படுகிறார். கடிந்துரை எதுவும் அப்பத்திற்கு முன்னர் வரவில்லை.

எனவே, இடுக்கண் உற்றோரிடம் செல்லும்போது மூன்றனைக் கேட்டறிவோமாக. இவரிடம் எஞ்சிய வேலை எவ்வளவு, எஞ்சிய நேரமும் வலுவும் எவ்வளவு? எதனை விட்டுவிடலாம் என்று சொல்ல இவருக்கு யாரேனும் உண்டா? இவருக்கு யார் துணை? இவற்றை அறிந்தபின் நாம் பேசும் ஆறுதல் மொழி உரிய இடத்தில் விழும். இவ்வளவுகோலை ஆயர்கள் தங்கள்மேலும் வைத்துப் பார்ப்பது நலம். ஒரே ஞாயிறில் மூன்று ஆராதனைகளையும் இரண்டு அடக்க ஆராதனைகளையும் சுமக்கும் ஊழியரின் சினத்தைப் பக்திக்குறைவு எனக் கண்டிப்பதற்குமுன், அவருடைய சுமையை யாரேனும் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும்.

அந்த இரவில், நம் சபையின் மாதர் சங்கத்து அம்மையார் ஒருவர் மருத்துவமனைக்குச் சென்று சிறுவனருகே அமர்ந்தார். தாய் உறங்கினார். மறுநாள் காலையில் நாம் சென்றபோது, முந்தினநாள் நாம் பேசியவற்றுள் ஒன்றையேனும் அவர் நினைவிற்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. அம்மையாரின் பெயரை மட்டும் இரண்டு முறை சொன்னார்.